அனிமனியும் முருகைக்கல்லும்: ஒரே தொட்டியா, இரண்டா?

போன மாதம் பரந்தனில் இருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். "அண்ணை, எனக்கு நீமோ மீனும் வேணும், அது போய்ப் படுக்கிற அந்தப் பூவும் வேணும், முருகைக்கல்லும் வேணும். எல்லாத்தையும் ஒரே தொட்டியிலை விடலாமோ?"

"கரண்ட் போனா என்ன செய்வீர்?" என்று கேட்டேன்.

"அண்ணை, நான் மீனைப் பற்றிக் கேக்கிறன்."

நானும் மீனைப் பற்றித்தான் கேட்டேன். ஏனென்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு முருகைக்கல் என்றால் செத்த கல். நெடுந்தீவில் வேலிகூட அதுதான். முந்தி சுண்ணாம்பு சுட்டதும் அதில்தான். உயிரோடு இருக்கிறபோது அது ஒரு பிராணிக் கூட்டம். ஆயிரம் குட்டி வாய்கள், வாயைச் சுற்றி விரல்கள், விரல்களில் ஊசிச் செல்கள், உடம்புக்குள் வெளிச்சத்தில் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் நுண்பாசி. அனிமனி, கடற்சாமந்தி என்றும் எழுதுகிறார்கள், இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதே வாய், அதே விரல், அதே ஊசி, அதே பாசி. கல்லு மட்டும் கட்டாது. கல்லுக் கட்டாத சீவனுக்கு நிரந்தர விலாசமும் கிடையாது. இடம் பிடிக்காவிட்டால் காலைக் கிளப்பிக்கொண்டு நடக்கும்.

முருகைக்கல் நீங்கள் வைத்த இடத்தில் இருக்கும், அனிமனி தனக்குப் பிடித்த இடத்தில் இருக்கும். ஒரே தொட்டியா இரண்டா என்ற கணக்கு முழுக்க இதிலிருந்துதான் தொடங்குகிறது. நடக்கிற வழியில் படுகிற முருகைக்கல்லை அது சுட்டுக்கொண்டே போகும். பெரும்பாலான முருகைக்கல்லின் ஊசியைவிட அனிமனியின் ஊசிக்கு உறைப்புக் கூட.

என் கதையைச் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்த நாட்கள். கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தையில் 200 லீற்றர் தொட்டி. ஒரு பக்கக் கல்லில் பபிள் டிப் அனிமனி, மற்றப் பக்கம் ஹாமர், சோவாந்தஸ் என்ற முருகைக்கற்கள், கொஞ்சம் காளான் முருகை. எட்டு மாதமாக அனிமனி ஒரு அங்குலம் நகரவில்லை. அது குடியேறிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அன்று இரவு கரண்ட் போனது. தண்ணீர் அசையாமல் நின்றது. ரோச் லைற் அடித்துப் பார்த்தேன், அனிமனி பக்கக் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து அதன் அடிக்கால் அப்படியே தெரிந்தது. தோடம்பழத்தைக் குறுக்காக வெட்டினால் சுளைக் கோடுகள் நடுவிலிருந்து விரிந்து போகுமே, அந்த மாதிரி. ஒரு ஓரம் மெல்லக் கிளம்பி, நீண்டு, ஒட்டி, மற்ற ஓரம் பின்னால் வந்து சேரும். மணித்தியாலத்துக்கு நாலு விரற்கடை இருக்கும். பார்க்க வடிவாக இருந்தது. பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். அது எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. காற்றில்லாத தண்ணீரில் அது போய்ச் சேர்ந்த இடம், நின்றுபோயிருந்த வேவ்மேக்கரின், அதாவது தண்ணீரை அசைக்கிற பம்பின், வாய்.

கரண்ட் எத்தனை மணிக்கு வந்ததோ தெரியாது. விடிய அம்மா, "தம்பி, உந்தத் தொட்டி கஞ்சித் தண்ணி மாதிரிக் கிடக்கு" என்று எழுப்பினா. பம்ப் அதை அரைத்துவிட்டது. அழுக்கை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மர் நுரை தள்ளி நிலமெல்லாம் ஈரம். ஹாமர் முழுக்க உள்ளே சுருண்டிருந்தது, பிறகு அதன் இரண்டு தலை உரிந்து போனது. நீமோ என்கிற கோமாளி மீன் சோடியில் ஒன்றை வாளியில் காப்பாற்றினேன், மற்றது செத்துவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றி, நஞ்சை உறிஞ்ச ஆக்டிவேற்றட் கார்பன் போட்டு, தொட்டி பழையபடி வர ஒரு மாதம்.

அதனால்தான் கரண்டைப் பற்றிக் கேட்டேன்.

முதலில் முருகைக்கல் மட்டும்

ஒப்பீட்டில் இது மிகச் சாந்தமான வழி. சந்தையில் மூன்று சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்முருகை: தோல்முருகை, காளான், சோவாந்தஸ், ஸ்ரார் பொலிப். பெரிய வாய் உள்ள கல்முருகை: ஹாமர், ரோச், டங்கன். சின்ன வாய் உள்ள கல்முருகை: அக்ரோபோரா, மொன்ரிபோரா. முதலாவது மன்னிக்கும். மூன்றாவது மன்னிக்காது. நடுவில் இருக்கிறது உங்கள் கவனத்தைப் பொறுத்தது.

கல்முருகை கல்லுக் கட்டத் தண்ணீரிலிருந்து கல்சியத்தையும் காரத்தன்மையையும் எடுத்துக்கொண்டே இருக்கும். காரத்தன்மை, டிகேஎச் என்ற அளவில், 8 முதல் 9, கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1300 அளவு. இதைச் சோதித்துச் சோதித்து ஈடுகட்டவேண்டும். சோதனைக் கிட் கொழும்பிலிருந்து வரும், காலாவதித் திகதி பார்த்து வாங்குங்கள். மென்முருகைத் தொட்டிக்கு இந்த வேலை பாதிகூட இல்லை, கிரமமாகத் தண்ணீர் மாற்றினாலே போதும். ஒரு எச்சரிக்கை: சோவாந்தஸ், அதன் பெரிய சகோதரம் பலிதோவா இரண்டிலும் பலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். கையில் வெட்டுக்காயத்தோடு தொடாதீர்கள். அது ஒட்டின கல்லைச் சுடுதண்ணீரில் அவிக்கவே அவிக்காதீர்கள், ஆவியே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

நீமோவுக்கு அனிமனி இல்லாமல் கஷ்டம் இல்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடலில் அதைத் தின்ன ஆள் இருக்கிறது, அதனால் ஒளிய இடம் வேண்டும். தொட்டியில் தின்ன ஆள் இல்லை. பல கோமாளி மீன்கள் ஹாமருக்குள்ளும் தோல்முருகைக்குள்ளும் போய்ப் புரண்டு திருப்திப்படும். ஹாமருக்கு அது தொல்லைதான், மருமகன் வீட்டோடு வந்து இருந்த மாதிரி.

அனிமனி மட்டும்

அனிமனியில் எதை வாங்குவது என்பதுதான் பெரிய முடிவு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பபிள் டிப் ஒன்றைத்தான் முதல் தரம் வாங்குகிறவருக்கு நான் சொல்வேன். கல்லிடுக்கில் காலைச் செருகிக்கொள்ளும், வெளிச்சம் நடுத்தரம் போதும். பிளந்து பெருகும் என்பதுதான் அதன் வரமும் சாபமும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஆள் சந்தோஷமாக இருந்தாலும் பிளக்கும், பயந்தாலும் பிளக்கும்.

ஹடோனி எனப்படும் கம்பள அனிமனிக்கு மணல் வேண்டும், காலை மணலுக்குள் புதைக்கும். முக்கால் மீற்றர் அகலம்வரை வளரும். கைவிரலில் ஒட்டினால் உரித்துத்தான் எடுக்கவேண்டும், கோமாளி தவிர்ந்த மீனைப் பிடித்து விழுங்கவும் செய்யும். மக்னிஃபிகா படத்தில் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும் சாதி, ஆனால் பழக்கப்பட்டவரையே அழவைக்கும். உச்சிக் கல்லில், கடும் வெளிச்சத்தில், கடும் நீரோட்டத்தில் மட்டும் நிற்கும், பிடிக்காவிட்டால் தொட்டி முழுக்க உலாத்தும்.

இதில் ஒரு வேடிக்கை. நீமோ படத்தில் வரும் செம்மஞ்சள்-வெள்ளைக் கோமாளி, கடலில் பபிள் டிப்பில் இருப்பதே இல்லை. மக்னிஃபிகா, ஜிகன்ரியா, மெர்ரென்சி என்ற மூன்று சாதி அனிமனியில்தான் இருக்கும். தொட்டியில் மட்டும் பபிள் டிப்பை ஏற்றுக்கொள்கிறது, சிலது ஒரு நாளில், சிலது ஆறு மாதத்தில், சிலது சாகும்வரை திரும்பியும் பாராது. எந்த அனிமனி கிடைத்தாலும் போய் ஒட்டுகிற ஆள் கிளார்க் கோமாளி. கடலில் பத்துச் சாதி அனிமனியிலும் அதைக் கண்டிருக்கிறார்கள்.

அனிமனி கல்லுக் கட்டாததால் கல்சியத்துக்கு ஓடவேண்டியதில்லை. கிழமைக்கு ஒரு தரம் கடலைப் பருப்பளவு இறால் துண்டு போதும். நந்திக்கடல் இறால் வாங்குகிற வீட்டில் அதற்கு என்ன பஞ்சம். ஆனால் ஆசையில் பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் கக்கும், கக்கினது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். தொட்டி ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருஷம், ஓடிப் பழகியிருக்கவேண்டும். புதுத் தொட்டியில் அனிமனி விட்டு வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்கள், லொத்தர் விழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கும்போது வாயைப் பாருங்கள். இறுக்கி மூடியிருந்தால் நல்லது. பிளந்து குடல் வெளியே தெரிந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். வெள்ளை வெளேரென்று இருப்பது அழகில்லை, பாசியை இழந்து பட்டினியில் இருக்கிறது. கடும் மஞ்சளோ நீலமோ என்றால் சாயம் ஏற்றியிருக்கக்கூடும்.

ஆயுளைப் பற்றி ஒன்று. ஸ்கொட்லாந்தில் 1828ல் ஜோன் டலியெல் என்பவர் கடற்கரையில் எடுத்த ஒரு சின்னச் சிவப்பு அனிமனி, எடுத்தவர் செத்தபிறகும் கைமாறிக் கைமாறி எடின்பரோவில் 1887 வரை இருந்தது. அதற்குப் 'பாட்டி' என்று பெயரே வைத்திருந்தார்கள். குளிர்கடல் சாதி, எங்களுடையதோடு நேரே ஒப்பிட முடியாது. ஆனாலும் அனிமனியை வயசு போய்ச் செத்தது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. அநேகமாக நாங்கள்தான் கொல்கிறோம்.

இரண்டும் ஒன்றாக

முடியாது என்று சொல்லமாட்டேன், செய்கிறார்கள், வடிவாகவும் செய்கிறார்கள். 400 லீற்றருக்குக் கீழே நான் துணியமாட்டேன். பெரிய தொட்டியில் முதல் நாளே அனிமனிக்கு ஒரு தீவு கட்டவேண்டும்: மற்றக் கற்களைத் தொடாத தனிக் கல், நடுவில் ஆழமான பொந்து, சுற்றிவர வெறும் மணல். பபிள் டிப்புக்கு வெறும் மணலில் நடக்க விருப்பமில்லை. விருப்பமில்லை என்றேன், நடக்காது என்று சொல்லவில்லை.

ஒழுங்கும் முக்கியம். முதலில் அனிமனி, அது ஓரிடத்தில் இரண்டு மூன்று மாதம் அசையாமல் நின்றபிறகு முருகைக்கல். நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம், முருகைக்கல்லை அடுக்கி அழகுபார்த்துவிட்டு அனிமனியைக் கொண்டுவந்து விடுகிறோம். பிறகு அது அழகை எல்லாம் மிதித்துக்கொண்டு போகிறது. தீவுக்குக் கிட்ட ஸ்ரார் பொலிப் மாதிரி மலிவானதை வையுங்கள், சுட்டாலும் திரும்ப வளரும். ஹாமர், ரோச் இரண்டும் இரவில் நீளமான சண்டை விரல் விடும், அவற்றுக்கும் அனிமனிக்கும் இடையில் ஒரு முழமாவது வேண்டும். கலக்ஸியா என்ற கல்முருகையை இந்த வீட்டுக்குள்ளேயே எடுக்கவேண்டாம், அதன் விரல் இன்னும் நீளம். தோல்முருகை தொடாமலே தண்ணீரில் நஞ்சு கலந்து சண்டை பிடிக்கும், அதற்குக் கார்பனை மாதாமாதம் மாற்றவேண்டும். இரண்டு வேறு சாதி அனிமனியை ஒன்றாகப் போடுவது வீண் வேலை.

பம்ப் வாய்களுக்கு எல்லாம் வலை. பூந்தோட்டத்துக்கு வாங்கும் கறுப்பு பிளாஸ்ரிக் வலையை இரண்டு மடிப்பாகச் சுற்றி, கேபிள் டையால் கட்டியிருக்கிறேன். நுளம்பு வலை கட்டிப் பார்த்தேன், மூன்று நாளில் அடைத்துவிட்டது.

நாலாவது வழி, என்னுடையது

பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் 70 லீற்றர் சின்னப் பெட்டி ஒன்று. இரண்டுக்கும் கீழே, தண்ணீர் வழிந்து வந்து சேர்கிற ஒரே சம்ப், ஒரே ஸ்கிம்மர். சின்னதில் அனிமனியும் கோமாளிச் சோடியும். பெரியதில் முருகைக்கல்லும் மற்ற மீனும். சின்னப் பெட்டிக்குள் வேவ்மேக்கரே இல்லை, சம்பிலிருந்து மேலே வருகிற குழாயின் வீச்சே நீரோட்டம், அரைக்க ஒன்றும் இல்லை. வழிந்து போகிற இடத்துக்குச் சீப்பு மாதிரி மறைப்பு.

இதன் குறை என்னவென்றால் தண்ணீர் ஒன்றுதான். அனிமனி செத்தால் அந்த நஞ்சு பெரிய தொட்டிக்கும் போகும். அதனால் ஏற்றுகிற குழாயில் ஒரு வால்வு போட்டிருக்கிறேன். சந்தேகம் வந்தால் மூடிவிட்டுச் சின்னப் பெட்டியை ஒரு காற்று மோட்டரில் ஓடவிடலாம். முழுக்கத் தனித்தனி இரண்டு தொட்டி இதைவிடப் பாதுகாப்பு, ஆனால் பராமரிப்பும் உப்பும் இரண்டு மடங்கு. தோற்றத்திலும் ஒரு குறை, ஒத்துக்கொள்கிறேன். பெரிய தொட்டியின் நடுவில் அனிமனி அசைகிற காட்சிக்கு இந்தப் பெட்டி ஈடில்லை.

வன்னியில் வைத்துப் பார்த்தால்

புத்தகக் கணக்கு எல்லாம் 25, 26 பாகை செல்சியஸ் என்று சொல்லும். சோளகம் அடிக்கிற ஆவணியில் என் விறாந்தை பின்னேரம் 33 போகும். தண்ணீர் 30 தாண்டிக் கிழமைக் கணக்கில் நின்றால் முருகைக்கல்லும் அனிமனியும் ஒன்றாகவே வெளுக்கும், இதில் இரண்டுக்கும் பேதம் இல்லை. 1998ல் கற்பிட்டிப் பக்கத்துப் பாறைத்தொடரில் நடந்ததும் இதுதான், கடலே சூடாகிவிட்டது. தண்ணீரைக் குளிராக்கிற சில்லர் வாங்கலாம், விலையும் கரண்ட் பில்லும் பெரிது. நான் மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு சின்னக் காற்றாடியை நீர்மட்டத்தில் சரித்து விட்டிருக்கிறேன். சோளகக் காலத்துக் காற்று காய்ந்த காற்று, அதனால் இரண்டு மூன்று பாகை இறங்கும். நாளுக்கு மூன்று நாலு லீற்றர் ஆவியாகும், அதை நன்னீரால் ஈடுகட்டாவிட்டால் உப்பு ஏறும். மாரியில் காற்று ஈரம், காற்றாடி வேலை செய்யாது, ஆனால் அப்போது வெக்கையும் இல்லை.

அந்த நன்னீர் கிணற்றுத் தண்ணீராக இருக்கக்கூடாது. எங்கள் கேத்தல் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே காரணம் விளங்கும். ஊரில் ஆர்ஓ என்று சவ்வால் வடித்த தண்ணீர் விற்கிற இடங்களுக்கு இப்போது பஞ்சமில்லை. ஆனால் அது குடிக்கிறதுக்கு, பூச்சியமாக இருக்காது. கரைந்த உப்புக்களை அளக்கிற ரீடிஎஸ் மீற்றர் வைத்துப் பார்த்து, வீட்டில் மிச்ச உப்பை இழுக்கிற டிஐ றெசினால் இன்னொரு தரம் வடித்தால் சரி. கடல்நீரை முல்லைத்தீவிலிருந்து கொண்டுவரலாம்தானே என்பார்கள். கொண்டுவந்திருக்கிறேன், பங்குனி தொடக்கம் ஆவணி வரைக்கும், தெரிந்த சம்மாட்டியின் படகில், கரையை விட்டு நல்லாய் வெளியே போய் எடுத்தது. மாரியில் வட்டுவாகல் வழியாக நந்திக்கடல் வெட்டிப் பாய்கிற காலத்தில் கரைநீர் எடுத்தால் உப்புக் குறைவு, சேறு கூட. எது எடுத்தாலும் உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீற்றரில் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா பாருங்கள்.

தண்ணீர் எடுக்கலாம், முருகைக்கல் எடுக்கக்கூடாது. பாறையிலிருந்து உடைப்பது இங்கே சட்டப்படி குற்றம். கல்முருகை முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைற்றிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, நாட்டுக்கு நாடு கொண்டுபோகக் கடிதம் வேண்டும். அனிமனி அந்த அட்டவணையில் இல்லை. அதற்காகப் பிடுங்கிக்கொண்டு வரலாம் என்று அர்த்தமில்லை, காலில் கிழிசலோடு வந்த அனிமனி பிழைப்பது அருமை. வீட்டுத் தொட்டியில் பிளந்து வந்த குட்டியைத் தேடுங்கள், அது ஏற்கெனவே கண்ணாடிக்குப் பழகினது.

இனிக் கரண்ட். 2022 போய்விட்டது, ஆனால் 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில் ஒரு குரங்கு துணைமின் நிலையத்துக்குள் பாய்ந்ததென்று நாடே இருண்டது. முருகைக்கல் தொட்டி நாலைந்து மணித்தியாலம் அசையாத தண்ணீரைத் தாங்கும், பிறகு ஒட்சிசன் குறையும். அனிமனித் தொட்டியில் அந்த நாலு மணித்தியாலத்துக்குள் ஆள் நடக்கத் தொடங்கிவிடும். 12 வோல்ற், 100 அம்பியர்மணிப் பற்றறி ஒன்றில் பாதியைத்தான் பாவிக்கலாம் என்று வைத்தாலும் 600 வாற்மணி. 20 வாற் பம்பை அது ஒரு நாளுக்குக் கிட்ட ஓட்டும். லைற் தேவையில்லை, ஒரு நாள் இருட்டு இவற்றுக்குப் பெரிய விஷயமில்லை. சில்லரை அதில் கொழுவினால் மூன்று மணித்தியாலத்தில் முடிந்தது கதை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய தொட்டி 150 லீற்றர். பற்றறி இல்லை. முருகைக்கல்லா அனிமனியா என்று ஒன்றைத் தெரிவு செய்யும், அனிமனி என்றால் பற்றறியை முதல் வாங்கும் என்றேன். எனக்கென்றால் அந்த அளவுக்கு ஹாமரும் தோல்முருகையும் போதும், கோமாளி எப்படியும் ஒன்றுக்குள் போய்ப் படுத்துவிடும். அவருக்கு மனம் அனிமனியில். தொட்டி ஓடத் தொடங்கி ஒரு வருஷம் முடிந்துவிட்டது என்றபடியால் நானும் தடுக்கவில்லை. என் பெட்டியில் பிளந்த குட்டி ஒன்றை இரட்டைப் பையில் கட்டிக் கொடுத்தேன்.

நேற்று இரவு பதினொன்றரைக்குத் திரும்பவும் போன்.

"அண்ணை, அது நடக்கத் தொடங்கீட்டுது."

"கையை வையாதையும். பம்புக்கு வலை போட்டனீரோ?"

"போட்டனான்."

"அப்ப லைற்றை நூத்துப்போட்டுப் போய்ப் படும்."